மைனா கற்றுக்கொண்ட புதுக்குரல்

மாம்பலம் வழியாக மின்சார ரயில் ஓட ஆரம்பித்துச் சில மாதங்களே ஆகியிருந்தன. அப்போதுதான் நாங்கள் தியாகராய நகரில் குடியேறினோம். இன்றைக்கு அந்தப் பேட்டையின் ஜனக்கூட்டத்தைப் பார்க்கிறவர்களிடம், பட்டப்பகலில் அங்கே ஒரு மனித முகத்தைப் பார்க்க மாட்டோமா என்று நான் ஏங்கிக் கிடந்தேன் என்று சொன்னால் சிரிப்பார்கள். அப்போது அங்கே ஒரு வீடு இருக்கும். பிறகு வெறும் மனைகள். எங்கேயோ தள்ளி இன்னொரு வீடு. நடுவில் மணலும் முள்ளும் நாலைந்து பனைமரங்களும். இருட்டினால் நரி ஊளையிடும்.

நான் பிறந்து வளர்ந்தது மயிலாப்பூரில், சுவரோடு சுவர் ஒட்டிய வீட்டில். நான் தும்மினால் பக்கத்து வீட்டு மாமி அங்கிருந்தே "தீர்க்காயுசு" சொல்லுவாள். அப்படிப்பட்ட இடத்திலிருந்து என்னைக் கொண்டுவந்து இந்தப் பொட்டலில் உட்காரவைத்துவிட்டு, என் கணவர் காலையில் ரயிலேறிக் கோட்டைப் பக்கம் ஆபீசுக்குப் போய்விடுவார். காற்றோட்டமான வீடு, சொந்தக் கிணறு, புது ரோடு என்று அவருக்கு ஒரே பெருமை. காற்றோடு நான் எத்தனை நேரம் பேசுவது?

நான் புலம்பியது பொறுக்காமல்தான் மூர் மார்க்கெட்டிலிருந்து ஒரு மலை மைனாவை வாங்கிவந்தார். கன்னங்கரேலென்று, மஞ்சள் மூக்கும் காதோரத்தில் மஞ்சள் தோலுமாக இருந்தது. கிளியைப்போல் அது மழலை பேசாது. யார் சொன்னார்களோ அவர்கள் குரலிலேயே சொல்லும். கதவு கிறீச்சிடுவது, எங்கள் கைக்குழந்தை சிணுங்குவது, என் கணவர் தொண்டையைச் செருமுவது எல்லாமே அதற்கு வந்துவிட்டது. "இதோ வந்துட்டேன்" என்று என் குரலிலேயே சொல்லி என்னையே திரும்பிப் பார்க்கவைக்கும். ஆனால் ஒரு தடவை கேட்டு எதையும் பிடித்துவிடாது. ஒரே வார்த்தையை, ஒரே மாதிரி, பல நாள் கேட்க வேண்டும். இது எனக்கு நன்றாகத் தெரியும், ஏனென்றால் அதற்கு ஒரு சுலோகம் கற்றுக்கொடுக்க முயன்று தோற்றுப்போனவள் நான்.

என் மாமியார் அப்போது எங்களோடு கொஞ்ச காலம் இருந்தார். தம் பிள்ளையை அவர் செல்லப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார். வெளியில் என் கணவருக்கு மூன்று இனிஷியலோடு நீளமான பெயர். தலைப்பாகையும் கோட்டுமாக ஆபீசுக்குப் போகிற மனிதர். வீட்டுக்குள் மட்டும் அந்தக் குழந்தைப் பெயர். அதை இங்கே எழுத மாட்டேன். கணவர் பெயரைச் சொல்லக் கூடாது என்பது ஒருபுறம். எழுதினால் அவர் என்னைச் சும்மா விடமாட்டார் என்பது இன்னொருபுறம். மாமியார் மூத்த பிள்ளை வீட்டுக்குக் கிளம்பிப் போன பிறகும், அவர் குரல் போகவில்லை. வராந்தாவில் தொங்கிய கூண்டிலிருந்து மைனா அந்தப் பெயரைச் சொல்லி, "ஆபீசுக்கு நாழியாச்சே" என்று நாள் முழுதும் விரட்டும். எங்களுக்கு அது வேடிக்கையாக இருந்தது.

ஒரு நாள் சாயங்காலம் வராந்தாவைப் பெருக்கிக்கொண்டிருந்தேன். என் தலைக்குமேல் ஓர் ஆண்குரல் கேட்டது.

"இன்னா நைனா, வூட்ல யாரு கீறாங்க?"

துடைப்பத்தைப் போட்டுவிட்டு உள்ளே ஓடினேன். கதவிடுக்கு வழியாகப் பார்த்தேன். ரோட்டில் ஈ காக்கை இல்லை. மைனா கழுத்தைச் சாய்த்து, நாக்கால் 'ட்ச்' என்று ஒரு கொட்டுக் கொட்டிவிட்டு, மறுபடியும் அதையே சொன்னது. கொஞ்சம் கரகரப்பான குரல். எங்கள் வீட்டில் யாருக்கும் அந்தக் குரல் கிடையாது. எங்கள் வீட்டுக்கு வந்துபோகிற யாருக்கும் கிடையாது.

கணவரிடம் சொன்னேன். ரோட்டோடு போகிறவன் எவனாவது பேச்சுக் கொடுத்திருப்பான், அதற்குப் போய் இப்படி முகம் வெளுத்து நிற்கிறாயே என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு தடவை பேச்சுக் கொடுத்தால் இந்தப் பறவைக்கு வராதே. குழந்தையைத் தூளியில் போட்டுவிட்டு மத்தியானம் நானும் கொஞ்சம் கண்ணயர்வது வழக்கம். அந்த நேரத்தில் எவனோ ஒருவன் வேலியைத் தாண்டி வராந்தா வரைக்கும் வந்து, கூண்டுக்குப் பக்கத்தில் நின்று, இதே கேள்வியை நாள் தவறாமல் கேட்டிருக்கிறான். நான் தூங்கிய இடத்துக்கும் அவன் நின்ற இடத்துக்கும் நடுவில் ஒரு கதவுதான்.

பக்கத்து மனையில் அப்போது ஒரு வீடு கட்டிக்கொண்டிருந்தார்கள். அங்கே கல் சுமக்கிற ஒரு பெண் எங்கள் கிணற்றில் தண்ணீர் எடுக்க வருவாள். அவளைக் கூப்பிட்டு மைனாவின் பேச்சைக் கேட்கவைத்தேன். அவள் ரொம்ப நேரம் காதுகொடுத்துக் கேட்டாள்.

"எங்க ஆளுங்க கொரலு இல்லம்மா இது. மத்தியானம் ஒருத்தன் இந்தாண்ட குந்திக்கினு இருப்பான், பாத்துகிறேன். உங்க வூட்டு ஆளுன்னு நெனச்சேன்."

அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் போயிற்று. மத்தியானம் கதவைத் தாழிட்டுக்கொண்டு, ஜன்னலையும் சாத்திக்கொண்டு, புழுக்கத்தில் குழந்தையை மடியில் போட்டு உட்கார்ந்திருப்பேன். யாரும் வரவில்லை. வராதது இன்னும் பயமாக இருந்தது. மைனா மட்டும் என் குரல், மாமியார் குரல், குழந்தையின் அழுகை என்று ஒவ்வொன்றாகச் சொல்லிவிட்டு, நடுவில் அந்தக் கரகரத்த குரலில் வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று கேட்கும். கூண்டை உள்ளே கொண்டுவந்து வைக்கலாமா என்றால், அந்தக் குரலை வீட்டுக்குள் கொண்டுவர எனக்குத் துணிச்சல் இல்லை. கணவரோ, ஒரு மைனாவுக்குப் பயந்தால் குடித்தனம் நடத்துவது எப்படி என்று கேலி செய்தபடி இருந்தார்.

அப்புறம் அமாவாசை வந்தது. அமாவாசையன்று கொத்தனார்கள் வேலைக்கு வர மாட்டார்கள். பக்கத்து மனை சத்தமில்லாமல் கிடந்தது. என் கணவருக்குத் தகப்பனார் இல்லை, ஆகையால் தர்ப்பணம் செய்ய வேண்டும். அன்று வாத்தியார் வரத் தாமதமாகி, தர்ப்பணம் முடியவும் ரயிலுக்கு நேரமாகவும் சரியாக இருந்தது. இலையில் உட்கார்ந்து ஒரு வாய் பிசைந்து போட்டுக்கொண்டவர், அப்படியே எழுந்து ஓடினார். அவருக்குப் பித்த உடம்பு. வயிறு காய்ந்தால் தலை சுற்றும். எனக்கு மனசு கேட்கவே இல்லை.

உச்சி வெயிலில் வாசலில் ஜட்கா வண்டி வந்து நின்ற சத்தம் கேட்டது. ஜன்னலைத் திறந்து பார்த்தேன். வண்டிக்காரன் இறங்காமல் உட்கார்ந்திருந்தான். இன்னொருவன் வெள்ளைச் சட்டையும் தலையில் துண்டுமாக, ஆபீஸ் சேவகன் மாதிரி, படியில் கைகட்டி நின்றான். முகமெல்லாம் வியர்வை. என் கணவரின் பெயரைச் சொல்லி, அவர் ஆபீசில் மயக்கம் வந்து விழுந்துவிட்டார் என்றான். பேச்சுமூச்சில்லாமல் பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போயிருக்கிறார்களாம். நடுவில் ஒரு தடவை கண்ணைத் திறந்து என்னையும் குழந்தையையும் கேட்டாராம்.

அவன் சொன்னது இனிஷியல் பெயர் இல்லை. செல்லப் பெயர். அதனால்தான் நான் அப்படியே நம்பிவிட்டேன். வீட்டாருக்கு மட்டும் தெரிந்த பெயரை ஒருவன் சொல்கிறான் என்றால், அவரே சொல்லி அனுப்பியிருக்க வேண்டும் அல்லவா? அதுவும் நினைவு தப்பின நேரத்தில் அந்தப் பெயர்தான் வாயில் வரும் என்று வேறு நினைத்துக்கொண்டேன். வெறும் வயிற்றோடு ஓடினவர் கண்முன்னால் வந்து நின்றார். கதவைத் திறந்தேன்.

"அழுவாதம்மா. அமாவாசன்னிக்கு வெறும் வவுத்தோட வந்தா இப்டித்தான் ஆவும்" என்று ஆறுதல் சொன்னான். பிறகு குரலைத் தாழ்த்தி, "பூட்டின வூட்ல நக நட்டு எதையும் வெச்சிட்டு வராதம்மா. காலம் கெட்டுக் கெடக்குது" என்றான்.

எவ்வளவு அக்கறையான மனிதன் என்றுதான் அப்போது தோன்றியது. பீரோவைத் திறந்து நகைகளை ஒரு துணியில் முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டேன். தூங்குகிற குழந்தையைத் தூளியிலிருந்து வாரித் தோளில் போட்டேன். பூட்டும் சாவியும் கையில். ஒரு காலை வாசற்படிக்கு வெளியே வைத்துவிட்டேன்.

அப்போது மைனாவைப் பார்த்தேன். வேற்று ஆள் வந்தால் அது கூண்டின் பின்பக்கம் போய் ஒண்டிக்கொள்ளும். பால்காரி வந்தாலே அப்படித்தான். ஆனால் இன்றைக்குக் கம்பியின் முன்னோரத்துக்குத் தத்தித் தத்தி வந்து, வாயைப் பிளந்துகொண்டு, அந்த மனிதனைப் பார்த்து இறக்கையை அடித்தது. பழம் கொடுக்கப் போனால் என்னிடம் அப்படித்தான் செய்யும். அவன் அந்தப் பக்கமே திரும்பவில்லை. வேண்டுமென்றே ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"இன்னா நைனா, வூட்ல யாரு கீறாங்க?" என்றது மைனா, அவன் குரலில்.

அதே கரகரப்பு. இத்தனை நேரம் என்னிடம் பணிவாகப் பேசினதால் எனக்கு அடையாளம் தெரியவில்லை. அவன் கழுத்து நரம்பு ஒரு தடவை அசைந்தது, அவ்வளவுதான். அந்தச் செல்லப் பெயர் அவனுக்கு எப்படித் தெரிந்தது என்பது அந்தக் கணம் விளங்கியது. அவன் கேட்டிருக்கிறான், எங்கள் மைனா தினமும் பதில் சொல்லியிருக்கிறது. மாமியார் கொஞ்ச நாளாக வீட்டில் இல்லாததையும், பகலில் நானும் ஒரு கைக்குழந்தையும் மட்டும் இருப்பதையும்கூட அவன் எண்ணிப் பார்த்து வைத்திருப்பான்.

எனக்கு அந்த நேரத்தில் எப்படிப் புத்தி வேலை செய்தது என்று இன்றுவரை தெரியவில்லை. "குழந்தைக்குக் கொஞ்சம் ஜலம் எடுத்துண்டு வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு, காலை உள்ளே இழுத்துக்கொண்டேன். கதவைச் சாத்தி மேல்தாழ், கீழ்த்தாழ் இரண்டையும் போட்டேன். தாழ்ப்பாள் விழுந்த சத்தம் அவனுக்கும் கேட்டிருக்கும்.

முதலில் தட்டினான். பிறகு நயமாகக் கூப்பிட்டான். அப்புறம் சத்தமே இல்லை. காதைக் கதவில் வைத்துக் கேட்டேன். வீட்டின் பக்கவாட்டில் மணலில் காலடி நடந்து போகிறது. கொல்லைக் கதவு! அதற்கு ஒரு சின்னக் கொக்கி மட்டும்தான். குழந்தையைத் தரையில் கிடத்திவிட்டு ஓடினேன். என்னிடம் அவ்வளவு பலம் இருந்ததா என்று தெரியாது, என் கல்யாணத்துக்குக் கொடுத்த இரும்புப் பெட்டியை ஒரே இழுப்பில் இழுத்துக் கதவுக்கு முட்டுக்கொடுத்து, அதன்மேல் உட்கார்ந்தேன். கதவு இரண்டு தடவை என் முதுகில் வந்து இடித்தது. கூச்சல் போட வாயைத் திறந்தேன். போட்டாலும் கேட்க யார் இருந்தார்கள்?

இடிப்பது நின்றது. கதவுக்கு மறுபக்கம், என் தோளுக்கு நேராக, அவன் மூச்சு வாங்குவது கேட்டது.

"உம் புருசன் அங்க சாவக் கெடக்கிறான். நீ கதவ சாத்திக்கினு குந்திகினு இரு" என்றான். கத்தாமல், நிதானமாகச் சொன்னான்.

காலடி முன்பக்கம் போயிற்று. வராந்தாவில் ஏதோ உரசுகிற சத்தம். பிறகு குதிரை நடக்க ஆரம்பித்தது. அந்தக் குளம்புச் சத்தத்தோடு என் மாமியாரின் குரலும் சேர்ந்து போயிற்று. மகனைச் செல்லப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, ஆபீசுக்கு நாழியாச்சே, நாழியாச்சே என்று சொல்லிக்கொண்டே ரோட்டின் கோடி வரைக்கும் போய், தேய்ந்து, மறைந்தது. கூண்டோடு எடுத்துப் போய்விட்டான்.

அதற்குப் பிறகு நான் பட்டதுதான் பெரிய பாடு. திருடன் போய்விட்டான் என்ற நிம்மதி கொஞ்ச நேரம்கூட நிற்கவில்லை. அவன் கடைசியாகச் சொன்னது நெஞ்சில் உட்கார்ந்துகொண்டது. நிஜமாகவே அவருக்கு மயக்கம் வந்திருந்தால்? ஆபீஸ் சேவகன் ஒருவன் இந்த வழியாகப் போகிறபோது மைனாவுக்குப் பழம் கொடுத்துப் பேசியிருக்கக் கூடாதா? பறவை ஒன்று சொன்னதை நம்பி, கூப்பிட வந்த ஆளைத் துரத்திவிட்டேனா? ஆஸ்பத்திரியில் அவர் வாசலைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறாரோ? திருமாங்கல்யத்தைக் கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு பெட்டிமேலேயே உட்கார்ந்திருந்தேன். கதவைத் திறந்தால் குழந்தை போய்விடுமோ, திறக்காவிட்டால் அவர் போய்விடுவாரோ என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது. குழந்தை விழித்துப் பாலுக்கு அழுதது. எனக்குப் பால் சுரக்கவில்லை. பயத்தில் பால் வற்றும் என்பதை அன்றைக்குத்தான் அறிந்தேன். அது அழ, நானும் சேர்ந்து அழுதேன்.

வெயில் ஜன்னலை விட்டு இறங்கியது. அவர் வழக்கமாக வருகிற ரயிலின் சத்தம் கேட்டது. ஸ்டேஷனிலிருந்து நடந்துவர ஆகும் நேரமும் போயிற்று. வரவில்லை. அடுத்த ரயில் வந்தது. அதிலும் வரவில்லை. அவன் சொன்னது உண்மைதான் என்று அப்போது தீர்மானமே செய்துவிட்டேன். என் கையாலேயே என் குடியைக் கெடுத்துக்கொண்டேன் என்று சுவரில் தலையை மோதிக்கொண்டேன்.

விளக்கு வைக்கிற நேரத்துக்குக் கதவு தட்டப்பட்டது. தொண்டையைச் செருமுகிற சத்தமும் கேட்டது. கேட்ட மாத்திரத்தில் ஓடிப்போய்த் திறந்திருக்க வேண்டாமா? நான் திறக்கவில்லை. இந்தச் செருமல் மைனாவுக்கும் தெரியும், அதனிடம் கேட்டுப் பழகியவனுக்கும் தெரியும். இருட்டில் நின்று, "யாரு? நீங்கதானா?" என்று கேட்டேன்.

"நான் இல்லாம வேற யாரு? மொதல்ல கதவைத் திற" என்று எரிந்து விழுந்தார்.

அப்போதும் ஜன்னலைத் திறந்து தலைப்பாகையையும் முகத்தையும் பார்த்த பிறகுதான் தாழ்ப்பாளை எடுத்தேன். எடுத்த கையோடு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். விஷயம் இதுதான்: மனிதருக்குக் காலையில் சாப்பிடாத பசி. வருகிற வழியில் ஓர் ஓட்டலில் நுழைந்து, சாவகாசமாக டிபன் சாப்பிட்டுக் காபியும் குடித்துவிட்டு வந்திருக்கிறார். அதைக் கேட்டதும் எனக்கு வந்த கோபத்தை எழுத்தில் எழுத முடியாது. அழுதுகொண்டே அவரைத் திட்டினேன். திட்டிக்கொண்டே அவர் காலைக் கட்டிக்கொண்டேன்.

நான் சொன்னதையெல்லாம் நின்றபடியே கேட்டார். கேலி செய்யவில்லை. வெளியே போய் வராந்தாவில் வெறும் கொக்கியைப் பார்த்துவிட்டு வந்து, குழந்தையை வாங்கி மடியில் போட்டுக்கொண்டார். மறுநாள் போலீசில் எழுதிவைத்தோம், ஆள் அகப்படவில்லை. அந்த மாதமே காற்றோட்டத்துக்கும் சொந்தக் கிணற்றுக்கும் ஒரு கும்பிடு போட்டுவிட்டு, மயிலாப்பூரில் ஒட்டுக் குடித்தனத்துக்குத் திரும்பிவிட்டோம்.

மைனாவை அவன் ஏன் எடுத்துப் போனான் என்று நாங்கள் அடிக்கடி பேசிக்கொண்டதுண்டு. தன் குரலை அது காட்டிக்கொடுத்துவிடும் என்ற பயமாக இருக்கலாம் என்பார் அவர். எனக்கோ, தினமும் பழம் கொடுத்துப் பேசினவனுக்கு அதன்மேல் நிஜமாகவே ஆசை வந்துவிட்டதோ என்று தோன்றும். எதுவானாலும், என்னையும் என் பிள்ளையையும் காப்பாற்றிய ஜீவன் எங்கேயோ ஓர் அந்நிய வீட்டில் உட்கார்ந்து, என் குரலில் "இதோ வந்துட்டேன்" என்று சொல்லிக்கொண்டிருக்கும் என்று அடிக்கடி நினைத்துக்கொள்வேன். எத்தனையோ பேர் வற்புறுத்தியும் நான் இன்னொரு பறவை வளர்க்கவில்லை.

அன்று தோளில் கிடந்த குழந்தை இன்று எனக்குமேல் வளர்ந்து நிற்கிறான். ஆனாலும் முன்பின் தெரியாத ஒருவர் வாசலில் வந்து நின்று, எங்கள் வீட்டாருக்கு மட்டுமே தெரிந்த ஒன்றைச் சொன்னால், மற்றவர்களுக்கு நம்பிக்கை பிறக்கிற அந்த இடத்தில், என் கை தானாகத் தாழ்ப்பாளைத்தான் தேடுகிறது.